உண்ணத்தகும் பூக்கள்: அவற்றின் கனியுப்புச் சத்தும் உண்பதிற் பாதுகாப்பும்

மரக்கறி என்றவுடன் கத்தரி, வெண்டி, பயற்றை முதலிய காய்களும், கீரையும், கிழங்குமே கமக்காரரின் நினைவுக்கு வருகின்றன. பூவைப் பலர் காய்க்கு முன்வரும் ஒரு நிலையாகவே கருதுகின்றனர். ஆயினும் வாழைப்பொத்தி, அகத்திப்பூ, முருங்கைப்பூ, பூசணிப்பூ என்பன தொன்றுதொட்டு நம் இல்லங்களிற் சமைக்கப்பட்டு வருகின்றன. இவற்றைப் பெறுவதற்குத் தனிக் காணியோ தனிச் செலவோ வேண்டியதில்லை. வளவிலும் வயல் வரம்பிலும் நிற்கும் பயிர்களே இவற்றைத் தருகின்றன.

இப்பூக்களில் அடங்கியுள்ள சத்து எவ்வளவு, அவற்றை அச்சமின்றி உண்பதற்குக் கமக்காரர் செய்யவேண்டியவை யாவை என்பவற்றை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

பெரியநீலாவணைப் பகுதியின் நிலமும் பூக்களும்

அம்பாறை மாவட்டத்தின் வட எல்லையில், கல்முனைக்கு வடக்கே அமைந்த கடற்கரை ஊர் பெரியநீலாவணையாகும். அதனை அடுத்து மருதமுனை உள்ளது. கடலை ஒட்டிய வளவுகள் மணற்பாங்கானவை. மேற்கே நெல் வட்டைகள் பரந்து கிடக்கின்றன. 1949ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டம் இக்கரையோர மாவட்டத்தின் நெற்செய்கைக்குப் பெருந்துணையாயிற்று. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றினாற் கிடைக்கின்றது.

மணல் நிலத்தில் நீர் விரைவாகக் கீழிறங்கும். நீரோடு பொற்றாசியம், மகனீசியம் முதலிய சத்துக்களும் கழுவிச் செல்லப்படும். சத்துக் குறைந்த மண்ணில் வளர்ந்த பயிரின் இலையிலும் பூவிலும் கனியுப்புக்கள் குறையக்கூடும். ஆகவே மணல் வளவிற் பூசணியோ வாழையோ நடுவோர், நன்கு உக்கிய மாட்டெருவையும் கூட்டெருவையும் குழியிலிட்டு, அடியைக் காய்ந்த இலைகுழையால் மூடிவைத்தல் வேண்டும். உக்காத பச்சைச் சாணத்தைக் கொடியருகே இடலாகாது. நிலத்திற் படரும் கொடியின் பூவில் அதிலுள்ள நோய்க்கிருமிகள் எளிதிற் படிந்துவிடும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி ஏற்பட்ட கடற்பேரலை இக்கரையோரத்தைக் கடுமையாகத் தாக்கியது. பல கிணறுகளில் உப்பு நீர் புகுந்தது. கடலுக்கு அண்மையிலுள்ள கிணற்று நீர் உவர்ப்புடையதாயின், அதனைப் பயிருக்கு இறைக்குமுன் விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசித்தல் நன்று.

பூக்களிலுள்ள கனியுப்புக்கள்

உடல் வளர்ச்சிக்கும் இரத்த விருத்திக்கும் எலும்பின் உறுதிக்கும் கனியுப்புக்கள் இன்றியமையாதவை. சுண்ணாம்புச் சத்தாகிய கல்சியமும் பொசுபரசும் எலும்பையும் பல்லையும் ஆக்குகின்றன. இரும்பு இரத்தத்திற்குச் செந்நிறம் தருவதோடு உயிர்வளியை உடலெங்கும் கொண்டு செல்லவும் உதவுகின்றது. பொற்றாசியமும் மகனீசியமும் தசைகளும் நரம்புகளும் சீராக இயங்குவதற்கு வேண்டும்.

பச்சைப் பூ 100 கிராமில் அடங்கிய சத்துக்களை உணவு அட்டவணைகள் பின்வருமாறு காட்டுகின்றன.

அகத்திப்பூ: கல்சியம் 19 மில்லிகிராம், பொசுபரசு 30, மகனீசியம் 12, பொற்றாசியம் 184, இரும்பு 0.84. இதில் விற்றமின் சீ 73 மில்லிகிராம் உண்டு.

பூசணிப்பூ: கல்சியம் 39 மில்லிகிராம், பொசுபரசு 49, மகனீசியம் 24, பொற்றாசியம் 173, இரும்பு 0.70, விற்றமின் சீ 28.

வாழைப்பொத்தி: கல்சியம் 32 மில்லிகிராம், பொசுபரசு 42, இரும்பு 1.6.

முருங்கைப்பூ: கல்சியம் 51 மில்லிகிராம், பொசுபரசு 90. புரதம் 3.6 கிராம் வரை உண்டு.

முதலிரண்டு பூக்களின் அளவுகள் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையைச் சார்ந்தவை. பின்னிரண்டும் ஐதராபாத்திலுள்ள தேசிய போசணை நிறுவகத்தின் அட்டவணையைச் சார்ந்தவை. மண், இனம், பறிக்கும் பருவம் என்பவற்றிற்கேற்ப இவ்வளவுகள் மாறுபடும். பூசணிப்பூவின் கல்சியத்தை அமெரிக்க அட்டவணை 39 என்றும், ஐதராபாத் அட்டவணை 120 என்றும் கூறுவது இதற்குச் சான்றாகும். எனவே இவற்றை ஏறக்குறைய அளவுகளாகவே கொள்ளல் வேண்டும்.

இவ்வளவுகள் உணர்த்துவது யாது?

பூக்கள் நல்லுணவே, ஆயினும் கனியுப்புக்களை மிகுதியாகத் தரும் உணவு என்று அவற்றைக் கருதலாகாது. பூவிற் பெரும்பகுதி நீர். அகத்திப்பூவில் நூற்றுக்கு 91 பங்கிற்கு மேலும், பூசணிப்பூவில் 95 பங்கும் நீரேயாம். ஒரு பூசணிப்பூவின் நிறை ஏறக்குறைய 2 கிராமும், ஓர் அகத்திப்பூவின் நிறை ஏறக்குறைய 3 கிராமுமாகும். ஆகவே 100 கிராம் பூசணிப்பூவைப் பெறுதற்கு ஐம்பது பூக்கள் வேண்டும்.

ஒருவர் ஒரு வேளையில் பத்து அகத்திப்பூக்களை உண்பாராயின், அவருக்குக் கிடைக்கும் இரும்பு ஏறக்குறைய கால் மில்லிகிராம் மட்டுமே. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராமும், கர்ப்பிணிக்கு 27 மில்லிகிராமும் இரும்பு வேண்டுமென அமெரிக்கப் போசணைப் பரிந்துரைகள் கூறுகின்றன. இரத்தச் சோகையுள்ள தாயொருத்தி, பூ உண்கின்றேன் என்ற நம்பிக்கையில் வைத்தியர் தந்த இரும்பு மாத்திரையைக் கைவிடுவாளாயின் அவளுக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் கேடு விளையும்.

அதே மரத்தின் இலையோ சத்து மிகுந்தது. ஐதராபாத் அட்டவணையின்படி 100 கிராம் முருங்கையிலையில் 440 மில்லிகிராமும், அகத்தியிலையில் 1,130 மில்லிகிராமும் கல்சியம் உண்டு. ஆகவே பூவைத் தனியே சமைப்பதினும், ஒரு பங்கு பூவுடன் இரு பங்கு இலை சேர்த்துச் சுண்டலாக்குதல் சாலச் சிறந்தது. பூவின் விற்றமின் சீயும் இலையின் கனியுப்பும் ஒரே பாத்திரத்திற் கிடைக்கும்.

இரும்பு உடலிற் சேரும் வழி

தாவர உணவிலுள்ள இரும்பு முழுவதும் இரத்தத்திற் சேர்வதில்லை. விற்றமின் சீயும், மீன், இறைச்சி ஆகியனவும் அது சேர்வதற்குத் துணைபுரிகின்றன. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் அதனைத் தடுக்கின்றது.

ஆதலின் பூச்சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய்ச் சாறு பிழிதல் நன்று. சூட்டில் விற்றமின் சீ அழியுமாதலால் அடுப்பில் இருக்கும்போது பிழிதல் கூடாது. மாசித்தூளோ நெத்தலியோ சிறிது சேர்த்தல் சுவைக்கு மட்டுமன்றி இரும்புச் சேர்க்கைக்கும் உதவும். உணவுண்டவுடன் தேநீர் அருந்தும் வழக்கத்தை விடுத்து, ஒரு மணி நேரங் கழித்து அருந்துதல் வேண்டும்.

உண்ணும் பூவுக்கு நஞ்சு தெளித்தலாகாது

பூவுணவின் பாதுகாப்பு பெரும்பாலும் கமக்காரரின் கையிலேயே உள்ளது. பீடைகொல்லி தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யவேண்டுமென்பது அதன் கொள்கலச் சுட்டியிற் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாட் கணக்கு சுட்டியிற் கூறப்பட்ட பயிருக்கும், அதன் வழக்கமான அறுவடைக்குமே வகுக்கப்பட்டதாகும். பூசணிப்பூ விடியற்காலையில் மலர்ந்து, நண்பகலுக்கு முன் வாடிவிடும். நேற்று மாலை தெளித்த நஞ்சு இன்று காலை மலர்ந்த பூவில் இருக்கும். அப்பூ அன்று பகலே சமையலுக்கு வரும். ஏழு நாளோ பத்து நாளோ காத்திருந்து அதே பூவைப் பறித்தல் இயலாது.

ஆதலின் பூவை உண்பதற்கென விடப்பட்ட கொடியிலும் மரத்திலும் பூச்சிகொல்லி தெளித்தலாகாது என்பதே முதன்மையான விதியாகும். தெளித்தே தீரவேண்டிய நிலை நேரின், அக்கொடியின் பூக்களை உண்ணாது விட்டுக் காயை மட்டும் உரிய காலத்திற் பயன்படுத்தல் வேண்டும்.

சில நஞ்சுகள் இலையின் மேற்புறத்தில் தங்காது சாற்றோடு கலந்து செடி முழுவதும் பரவும். இமிடாகுளோபிரிட் இத்தகையது. அது மகரந்தத்திலும் தேனிலும் கூடச் சேரும். தேனீக்களுக்கு நேரும் கேட்டை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் இதனையும் இதனையொத்த வேறு இரண்டு நஞ்சுகளையும் திறந்த வெளிப் பயிர்களில் உபயோகிப்பதைத் தடை செய்தது. உள்ளே பரவிய நஞ்சைக் கழுவி நீக்கவியலாது. சமைப்பதால் அது அழிந்துவிடும் என்று நம்பியிருத்தலும் தகாது.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பீடைகொல்லிகள் பதிவு செய்யப்படுகின்றன. பேராபத்து விளைத்த மெதமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் என்பன 1995இலும், என்டோசல்பான் 1998இலும் தடை செய்யப்பட்டன. சுட்டியில்லாத போத்தலிலோ வேறு பாத்திரத்திலோ விற்கப்படும் மருந்தை எக்காரணங்கொண்டும் வாங்கலாகாது.

நஞ்சின்றிப் பீடைகளைக் கட்டுப்படுத்தும் வழிகளும் உண்டு. பூசணியைத் தாக்கும் செவ்வண்டுகள் அதிகாலையிற் சோர்ந்திருக்கும். அப்பொழுது அவற்றைக் கையாற் பிடித்துச் சவர்க்கார நீரிலிட்டு அழிக்கலாம். பழ ஈ குத்திய பிஞ்சுகளைப் பொறுக்கி ஆழப் புதைத்தல் வேண்டும். நல்ல பிஞ்சுகளைக் கடதாசிப் பையினால் மூடிவைத்தால் ஈ முட்டையிடுதல் தடுக்கப்படும்.

வயல் வரம்பு, வீதியோரம், வடிகால்

வரம்பில் அகத்தி நடுதல் நற்பழக்கமாகும். ஆயினும் நெற்பயிருக்குத் தெளிக்கும் பூச்சிகொல்லியும் களைகொல்லியும் காற்றிலே பறந்து வரம்பு மரத்தின் பூவிற் படியும். வயலில் மருந்து தெளிக்கப்பட்ட காலத்தில் வரம்பு மரத்தின் பூக்களைப் பறித்தல் கூடாது. அயல் வயற்காரர் தெளிக்கும் நாளையும் கேட்டறிந்து கொள்ளல் வேண்டும். சமையலுக்கென இரண்டோர் அகத்தி மரங்களை வீட்டு வளவிலே நடுதல் இவ்விடரை முற்றாக நீக்கும்.

இலங்கையில் ஈயங் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆயினும் மண்ணிற் படிந்த ஈயம் எளிதில் நீங்குவதில்லை. பழைய பற்றரிகளை உடைத்த இடம், குப்பை எரித்த இடம், பெருவீதியின் ஓரம் என்பவற்றில் வளரும் செடிகளின் பூக்களைத் தவிர்த்தல் வேண்டும். ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சர்வதேச உணவு நியமக் குழுவாகிய கோடெக்ஸ், இலை மரக்கறி ஒரு கிலோகிராமில் ஈயம் 0.3 மில்லிகிராமையும் கட்மியம் 0.2 மில்லிகிராமையும் மிஞ்சலாகாதென வரையறுத்துள்ளது. பூவை இலையோடு ஒருங்கே சமைப்போர் இரண்டையும் தூய நிலத்திலிருந்தே பெறல் வேண்டும்.

ஆம்பல், தாமரை, கொட்டி முதலிய நீர்த்தாவரங்கள் நீரிலும் சேற்றிலுமுள்ள பொருள்களை உறிஞ்சிச் சேர்க்க வல்லன. வயலின் வடிகாலிலும், தெளிகருவி கழுவப்படும் வாய்க்காலிலும் வளர்ந்தவற்றை உணவிற் சேர்க்கலாகாது. தெளிகருவியை வாய்க்காலிற் கழுவும் வழக்கத்தையும் கைவிடல் வேண்டும்.

விளைச்சல் குறையாமற் பூப் பறித்தல்

பூசணி: ஆண் பூக்களை மட்டுமே பறித்தல் வேண்டும். பெண் பூவின் அடியிற் சிறு உருண்டைப் பிஞ்சு காணப்படும். ஆண் பூ மெல்லிய நீண்ட காம்பை மட்டுமுடையது. ஆண் பூக்கள் முதலில் மலரத் தொடங்குவதோடு எண்ணிக்கையிலும் மிகுந்தவை. தேனீக்கள் காலையில் மகரந்தத்தைப் பரப்பி முடித்தபின், பூ வாடுவதற்கு முன்னர்ப் பறித்தால் காய் பிடித்தல் குறையாது. எல்லா ஆண் பூக்களையும் பறித்துவிடாது சிலவற்றைக் கொடியில் விடுதல் நன்று.

வாழை: கடைசிச் சீப்பு வெளிவந்தபின் பொத்தியை வெட்டி நீக்குதல் குலைக்கு நன்மை பயக்கும். பொத்திக்குச் செல்லும் சத்துக் காய்களுக்குச் செல்வதோடு, பொத்தியை நாடிவரும் பூச்சிகளாற் பரவும் நோய்களும் குறையும். இவ்வாறு வெட்டப்படும் பொத்தியை எறிந்துவிடாது உணவாக்கலாம்.

முருங்கை: இம்மரம் பூக்கும் பூக்களிற் சிறு பகுதியே காயாகின்றது. மரத்தின் கீழ்த் தூய சீலையை விரித்து, அதிகாலையில் அதன்மேல் உதிரும் பூக்களைச் சேர்க்கலாம். வெறும் நிலத்தில் விழுந்தவற்றைப் பொறுக்கலாகாது.

அகத்தி: முழுவதும் மலர்ந்து முதிர்ந்த பூ கசப்பு மிகும். மலர்வதற்குச் சற்று முன்னுள்ள பூவே ஏற்றது.

உண்ணத் தகாத பூக்கள்

அழகும் மணமும் உண்ணத்தகும் தன்மைக்கு அடையாளமாகா. நம் வளவுகளிலும் வேலிகளிலும் நிற்கும் பின்வருவன நஞ்சுடையவை.

செவ்வலரி, மஞ்சள் அலரி: இவற்றின் எல்லா உறுப்புகளும் நஞ்சுடையவை. இந்நஞ்சு இதயத் துடிப்பைக் குலைக்கும்.

கார்த்திகைப்பூ: தீச்சுடர் போன்ற இதழ்களையுடைய இக்கொடியின் கிழங்கிலே நஞ்சு மிகுதி. பூவும் இலையும் நஞ்சற்றனவல்ல.

ஊமத்தை: இதனை உண்டவருக்கு வாய் உலர்தல், கண்மணி விரிதல், மனக்குழப்பம் என்பன தோன்றும்.

எருக்கலை: இதன் பாலும் பூவும் உட்கொள்ளத் தக்கனவல்ல.

ஆவரசம்பூவை உலர்த்திக் குடிநீராக அருந்துதல் நம் நாட்டில் வழக்கமாகும். ஆவரசைப் போன்றே மஞ்சட் பூப் பூக்கும் பேயாவரையை அதனோடு மயங்கலாகாது. பேயாவரையின் விதைகளை உண்டு குழந்தைகள் இறந்தமை இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் அறியப்பட்டது.

மாலைக்கும் அலங்காரத்திற்கும் விற்கப்படும் ரோசா, மல்லிகை முதலியவற்றை உணவிலிடுதல் கூடாது. அவை உணவுப் பயிராக வளர்க்கப்படாமையின், உணவுக்குரிய கட்டுப்பாடின்றி மருந்து தெளிக்கப்பட்டிருக்கக்கூடும்.

நஞ்சுள்ள பூவை ஒருவர் உண்டுவிட்டால், வாந்தியெடுக்கச் செய்ய முயலாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். உண்ட பூவின் கிளையொன்றையும் உடன் எடுத்துச் செல்வது வைத்தியருக்குப் பேருதவியாகும்.

சமைக்கும் முறை

பறித்த பூவை அன்றே சமைத்தல் வேண்டும். பூச்சியும் எறும்பும் உள்ளனவா என விரித்துப் பார்த்து, தூய நீரில் இரண்டு மூன்று முறை அலசுதல் வேண்டும். பூசணிப்பூவின் நடுத்தண்டையும், அகத்திப்பூவின் புல்லியையும் நடு நரம்பையும், வாழைப்பூ ஒவ்வொன்றின் தடித்த நரம்பையும் கண்ணாடி போன்ற சிறு இதழையும் நீக்குதல் வழக்கம். மகரந்தம் ஒவ்வாதவர்களுக்கும் இது நன்மை தரும்.

கனியுப்புக்கள் சூட்டில் அழிவதில்லை. ஆனால் நீரிற் கரைந்து வெளியேறும். பூவை அவித்து நீரை வடித்து ஊற்றுவோர் பொற்றாசியத்தில் ஒரு பகுதியை இழக்கின்றனர். வாழைப்பொத்தி கறுக்காதிருக்க மோரிலோ உப்பு நீரிலோ இடுவோர் சிறிது நேரத்தில் எடுத்துவிடல் வேண்டும். தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துச் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் சுண்டவைத்தலே சத்தைக் காக்கும் முறையாகும்.

முதன்முறை உண்போர் சிறிதளவே உண்டு பார்த்தல் வேண்டும். தொய்வு நோயுள்ளவர்கள் இதிற் கூடுதல் கவனஞ் செலுத்துதல் நன்று. சிறுநீரக நோயாளருக்குப் பொற்றாசியம் கேடு விளைக்கக்கூடுமாதலால் அவர்கள் வைத்தியரைக் கேட்டே உண்ணல் வேண்டும். செவ்வரத்தம்பூ முதலியவற்றின் குடிநீரைக் கர்ப்பிணிகளும் இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்வோரும் வைத்திய ஆலோசனையின்றி அருந்தலாகாது.

கமக்காரர் நினைவிற் கொள்ளவேண்டியவை

1. நன்கு அறிந்த பூவையன்றி வேறெதனையும் உண்ணற்க.

2. பூவுக்கென விட்ட கொடியிலும் மரத்திலும் நஞ்சு தெளிக்கற்க.

3. வயலில் மருந்து தெளித்த காலத்தில் வரம்புப் பூவைப் பறிக்கற்க.

4. பூசணியில் ஆண் பூவையே பறிக்க. வாழையில் கடைசிச் சீப்பின் பின்னரே பொத்தியை வெட்டுக.

5. பூவை இலையோடு சேர்த்துச் சமைத்து, இறக்கியபின் தேசிக்காய்ச் சாறு சேர்க்க.

6. இரும்பு மாத்திரைக்குப் பூ ஈடாகாது என்பதை வீட்டிலுள்ள பெண்களுக்கு எடுத்துரைக்க.

ஒரு பூசணிக் கொடியும், ஒரு முருங்கையும், ஓர் அகத்தியும், நான்கு வாழையும் நிற்கும் வளவில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூவுணவுக்குக் குறைவிராது. நஞ்சு படாத பூவைத் தன் குடும்பத்திற்கு அளிக்கும் கமக்காரர், அதனையே சந்தைக்கும் அனுப்பலாம். பயிரின் பீடைகளைப் பற்றியும் மண்ணின் வளத்தைப் பற்றியும் மேலும் அறிய விரும்புவோர், தத்தம் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறுவாராக.